கூட்டம் பெருகும்போது சர்வர்கள் சாய்வதேன்?

‘சர்வர்’ என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. கணிப்பொறிகள் நம் நாட்டில் பரவுவதற்கு நெடுநாள் முன்னரே, தோளில் துண்டுடன் மேசையருகே வந்து நின்று, இட்டலி முதல் அன்றைய விசேடம் ஈறாக ஒரே மூச்சில் ஒப்பித்தவரை நாம் அப்பெயரால்தான் அழைத்தோம். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ என்னும் திரைப்படத்தின் பெயரிலும் அச்சொல் ஏறி அமர்ந்தது. இன்று பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், “இரவு முழுவதும் சர்வர் படுத்துவிட்டது, உறக்கமே இல்லை” என்று மகன் சொல்ல, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியார் அந்த மனிதருக்கு என்ன நோயோ என்று இரங்கினால், நாம் நகைக்க வேண்டியதில்லை. இரண்டு சர்வர்களும் செய்யும் தொழில் ஒன்றே. கேட்பவர் கேட்டதை உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுப்பதுதான் அத்தொழில். இருவரும் தடுமாறுவதும் ஒரே காரணத்தால்தான். கேட்பவர் தொகை கொடுப்பவர் ஆற்றலை மீறுகிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தச் சர்வரின் உடல்நலம் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. தீபாவளிக்கு ஊர் செல்வதற்கான ரயில் சீட்டு, ஊரில் இருக்கும் தாய்தந்தையருக்கு மருந்துச் செலவுக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் தேர்வு முடிவு ஆகிய யாவும் இன்று அதன் வழியே நடைபெறுகின்றன. சீட்டு கிடைக்காமல் போன ஒரு காலைப்பொழுதின் வருத்தத்தை நம்மில் அறியாதவர் மிகச் சிலரே. அன்றியும், அந்தச் சர்வர்களை இரவும் பகலும் காவல் காப்போரிலும் நம்மவர் பலர் உளர். ஒயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கோரமங்கலாவிலும் பின்னிரவில் கைப்பேசி ஒலித்தவுடன் எழுந்து அமரும் இளைஞர்களையும் எண்ணியே இவ்விளக்கத்தைத் தருகிறோம்.

பெங்களூருவின் தர்ஷினிகளில் சர்வரே கிடையாது. சீட்டு வாங்கி, நின்றுகொண்டே உண்டு, தட்டை நாமே வைத்துவிட்டு வருகிறோம். ஆகையால் அவை நம் உவமைக்கு உதவா. பழைய முறையிலமைந்த ஒரு பெரிய உணவுச்சாலையை மனத்திற் கொள்வோம். முதலில் ஒரே சர்வர் இருந்தார். கூட்டம் பெருகியது, பத்துப் பேரை அமர்த்தினார்கள். இனி யார் எந்த மேசைக்குச் செல்வது என்ற கேள்வி எழுகிறது. வாயிலில் ஒரு மேற்பார்வையாளர் நின்று, வருவோரை ஒவ்வொரு சர்வரின் பொறுப்பிலும் அமர்த்துகிறார். கணிப்பொறி உலகில் அந்த மேற்பார்வையாளரின் பெயர் ‘லோட் பாலன்சர்’. நாம் அதனைப் பங்கீட்டுக் கருவி என்று வழங்குவோம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த வில்லி தாரோ என்பவர் எழுதி 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எச்.ஏ. பிராக்சி’யும், ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எஞ்சின்-எக்ஸ்’ஸும் இப்பணியைச் செய்யும் மென்பொருள்களில் பெயர் பெற்றவை. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. உலகின் மிகப் பெரிய தளங்கள் பலவும் இவற்றை நம்பி நிற்கின்றன.

மேற்பார்வையாளர் பல முறைகளைக் கையாளலாம். முதல்வருக்கு ஒருவர், இரண்டாமவருக்கு ஒருவர் என வரிசை தவறாமல் அனுப்புவது ஒரு முறை. எவர் கையில் வேலை குறைவோ அவரிடம் அனுப்புவது மற்றொன்று. வந்தவரின் முகவரியைப் பார்த்து, இன்ன தெருவினர் இன்ன சர்வரிடம் என்று நிரந்தரமாக ஒதுக்குவது பிறிதொன்று. மூன்றும் நல்ல முறைகளே. மூன்றும் கெட்ட விளைவைத் தந்த நாள்களும் உண்டு.

பெங்களூருவில் பிறந்த நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2007-ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கப்பெற்ற பிளிப்கார்ட் நிறுவனம், 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாளைப் பெருவிற்பனை நாளாக அறிவித்தது. காலை 8 மணிக்கு விற்பனை தொடங்கிற்று. நாடெங்கும் எண்ணற்றோர் ஒரே நேரத்தில் அத்தளத்தைத் தட்டினர். பக்கங்கள் திறக்கவில்லை, திறந்தவையும் பாதியில் நின்றன, கூடையில் இட்ட பொருள் விலை செலுத்துமுன் மறைந்தது. பத்து மணி நேரத்தில் 10 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ 600 கோடி ரூபாய் அளவுக்கு விற்பனை நடந்ததாக நிறுவனம் அறிவித்த போதிலும், வாங்க முயன்று ஏமாந்தோரின் சினம் நாடெங்கும் கேட்டது. மறுநாள் நிறுவனர் இருவரும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கோரி மடல் எழுதினர். ஏறத்தாழ 5,000 சர்வர்களை நிறுத்தியிருந்ததாகவும், வழக்கமான கூட்டத்தைப் போல் 20 மடங்குக்கு ஆயத்தம் செய்திருந்ததாகவும், வந்த கூட்டம் அதனையும் விஞ்சியதாகவும் அம்மடல் கூறியது. விலை மாற்றம், சரக்கு தீர்ந்தமை, ஆணைகள் நீக்கப்பட்டமை ஆகியவற்றையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஐயாயிரம் சர்வர்கள் இருந்தும் ஏன் போதவில்லை? இதற்கு விடை காண வேண்டுமாயின், கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே வாழ்ந்த ஒரு டேனிஷ் அறிஞரிடம் செல்ல வேண்டும். ஆக்னர் கிராருப் எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் பேச விரும்புவோர் அதிகம் காத்திருக்க நேராது என்பதே அவர் ஆராய்ந்த வினா. 1909-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, வரிசைகளைப் பற்றிய கணிதத்திற்கு வித்திட்டது. அக்கணிதம் கூறும் உண்மை ஒன்று முதன்முதலில் கேட்போரைத் திகைக்க வைக்கும். ஒரு சர்வர் தன் ஆற்றலில் பாதியளவு வேலை செய்துகொண்டிருக்கிறது எனக் கொள்வோம். கோரிக்கைகள் ஒழுங்கின்றி அவ்வப்போது வருகின்றன. அப்பொழுது ஒரு கோரிக்கை நிறைவேறும் நேரம், வேலையே இல்லாத வேளையில் ஆகும் நேரத்தைப் போல் சராசரி 2 மடங்கு. சுமை நூற்றுக்கு 80 ஆனால் 5 மடங்கு. 90 ஆனால் 10 மடங்கு. 95-க்கு 20, 99-க்கு 100. சுமை 90-இலிருந்து 99-க்கு ஏறுவது பார்வைக்குச் சிறு ஏற்றம். காத்திருப்போருக்கோ பத்து மடங்கு தாமதம். நேற்று வரை நன்றாக ஓடிய சர்வர் இன்று சிறிது கூட்டம் கூடியதும் திடீரெனச் சாய்ந்ததாக நாம் எண்ணுகிறோமே, அதன் காரணம் இதுவே. சர்வர் நேற்றே விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

இதுவும் கோரிக்கைகள் பரவலாக வரும்போதுள்ள கணக்கு. காலை 8 மணி என்று முரசறைந்து அழைத்துவிட்டால் அவை பரவலாக வாரா. ஒரே நொடியில் வந்து மோதும்.

இதனுடன் சேர்த்து மற்றொரு கணக்கையும் நினைவிற் கொள்ளல் நன்று. நான்கு சர்வர்கள் ஒவ்வொன்றும் தன் ஆற்றலில் நூற்றுக்கு 80 பங்கு உழைக்கின்றன. ஒன்று விழுந்துவிட்டது. அதன் சுமையைப் பங்கீட்டுக் கருவி மற்ற மூன்றுக்கும் நேர்மையாகப் பங்கிட்டுத் தருகிறது. இப்பொழுது ஒவ்வொன்றின் மேலும் ஏறத்தாழ 107 பங்கு சுமை. அவற்றுள் சற்று மெலிந்தது எதுவோ அது அடுத்து விழும். எஞ்சிய இரண்டின் மேல் 160 பங்கு விழும். அதன் பின் நடப்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சீட்டுக்கட்டு வரிசையாய்ச் சாய்வது போன்ற இவ்வீழ்ச்சியில் கருவியின் குற்றம் யாதும் இல்லை. அது தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும் அளவுக்கு இடம் விட்டு வைக்காமையே குற்றம்.

இனி, உணவுச்சாலையின் உட்புறம் செல்வோம். பத்துச் சர்வர்களை இருபது ஆக்கலாம், வாயிலில் இரண்டு மேற்பார்வையாளரை நிறுத்தலாம். சமையற்கட்டு ஒன்றே என்றால் என்ன பயன்? கூட்டம் வாயிலிலிருந்து நகர்ந்து சமையற்கட்டின் முன் நிற்கும், அவ்வளவுதான். பெங்களூருவாசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓசூர்ச் சாலையின் மேல் எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டச் சாலை திறக்கப்பெற்றது. சாலை மேலே விரைவாயிற்று. அதன் பின்னரும் சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் தேங்கி நின்றதைக் கண்டவர் நாம்.

இணையத் தளத்தின் சமையற்கட்டு, தரவுத்தளம் எனப்படும் பேரேடு. ரயில் முன்பதிவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். பக்கத்தைக் காட்டும் சர்வரைப் பலவாக்குவது எளிது. ஒன்று காட்டும் பக்கமே மற்றொன்றும் காட்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வண்டியில், குறிப்பிட்ட ஒரு பெட்டியில், 32-ஆம் எண் படுக்கை ஒன்றே உண்டு. அதனை ஆயிரம் பேர் ஒரே நொடியில் கேட்டாலும் ஒருவருக்கே விற்க வேண்டும். ஆகவே பேரேட்டில் அப்படுக்கையின் வரியை ஒருவருக்காகத் திறந்திருக்கும்போது மற்றவரைப் பூட்டி நிறுத்துவது இன்றியமையாததாகிறது. ஐ.ஆர்.சி.டி.சி. தளம் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் புதிய அமைப்புக்கு மாறியபோது, நிமிடத்திற்கு 2,000 சீட்டு என்றிருந்த ஆற்றல் 7,200 ஆக உயர்த்தப்பட்டது. அது பெரிய முன்னேற்றமே. எனினும், தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு வண்டியில் படுக்கைகள் கூடிவிடவில்லை. இரண்டு குறைகளையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சர்வரைப் பழிப்பதுண்டு. பக்கம் திறவாதது சர்வரின் குறை. விரைவாகத் திறந்து ‘காத்திருப்போர் பட்டியல்’ என்று காட்டுவது வண்டியின் குறை.

தளம் மெதுவாகிவிட்டது என்று பின்னிரவில் எழுப்பப்படும் இளைஞர் முதலிற் கேட்க வேண்டிய வினா இதிலிருந்தே கிடைக்கிறது: வரிசை எங்கே நிற்கிறது? வாயிலிலா, சர்வரிடமா, சமையற்கட்டிலா?

நல்வாய்ப்பாக, இதனை ஊகிக்க வேண்டியதில்லை. எச்.ஏ. பிராக்சியின் ‘லாக்’ எனப்படும் பதிவேட்டில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி உண்டு. அவ்வரியில் சாய்கோடுகளால் பிரிக்கப்பெற்ற ஐந்து எண்களைக் காணலாம். எல்லாம் ஆயிரத்தில் ஒரு நொடி என்னும் கணக்கில் அமைந்தவை. முதலாவது, கேட்பவர் தம் கோரிக்கையைச் சொல்லி முடிக்க ஆன நேரம். இரண்டாவது, வாயிலில் வரிசையில் நின்ற நேரம். மூன்றாவது, சர்வருடன் தொடர்பு ஏற்பட ஆன நேரம். நான்காவது, சர்வர் விடை தரத் தொடங்க எடுத்துக்கொண்ட நேரம். ஐந்தாவது மொத்தம். ஒரு வரியில் 0/3000/1/120/3125 என்று இருப்பின், கோரிக்கை மூன்று நொடி வாயிலிலேயே நின்றிருக்கிறது; சர்வரோ வேலையை விரைவாகவே முடித்திருக்கிறது. அங்குக் குறை சர்வர்களின் எண்ணிக்கையில், அல்லது ஒவ்வொன்றுக்கும் விதித்த வரம்பில். 0/0/1/3000/3005 என்று இருப்பின், வாயிலில் தாமதமே இல்லை. சர்வர்தான் மூன்று நொடி மௌனமாக இருந்தது. அது தானே களைத்ததா, தரவுத்தளத்தின் விடைக்குக் காத்திருந்ததா என்பது அடுத்த வினா. மூன்றாம் எண் பெரிதாயின், வலையமைப்பையோ, தொடர்பை ஏற்கவே இயலாமல் நிறைந்துபோன சர்வரையோ ஐயுற வேண்டும். ஐந்து எண்களை ஊன்றிப் படிக்கத் தெரிந்தவர், ஒரு மணி நேர வாக்குவாதத்தைத் தவிர்க்கிறார்.

சர்வரின் மௌனத்தை ஆராயும்போது ஒரு மயக்கத்திற்கு இடம் உண்டு. லினக்ஸ் அமைப்பில் ‘லோட் ஆவரேஜ்’ என்னும் சுமையெண், கணிக்கும் பொறிக்காகக் காத்திருக்கும் பணிகளை மட்டும் எண்ணுவதில்லை. வட்டின் விடைக்காக முடங்கிக் கிடக்கும் பணிகளையும் சேர்த்தே எண்ணுகிறது. எனவே சுமையெண் 40 என்று காட்டும். பொறியோ பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். எண்ணைக் கண்டு அஞ்சிப் புதிய சர்வர் வாங்குவோர், பழுதுற்ற வட்டை அப்படியே விட்டுவிடுகின்றனர்.

சர்வர் தான் மெலிவதற்கும், பின்னால் உள்ளது மெலிவதற்கும் உள்ள தொடர்பை 1961-ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் நிறுவிய விதி எளிய பெருக்கலாக்கித் தருகிறது. நொடிக்கு 200 கோரிக்கை வருகிறது. ஒவ்வொன்றும் நொடியின் இருபதில் ஒரு பங்கில் முடிகிறது எனில், எந்நேரமும் உள்ளே இருப்பவை 10. தரவுத்தளம் களைத்து, ஒவ்வொன்றும் 2 நொடி ஆகிறது எனில், உள்ளே இருப்பவை 400. வரும் கூட்டம் ஒரு துளியும் கூடவில்லை. ஆயினும் உள்ளே நாற்பது மடங்கு நெரிசல். சர்வரில் 150 பேருக்கே இடம் உண்டென்றால் அது நிறைந்து, வாயிலில் வரிசை வளரும். வாயிலைப் பார்ப்பவர், ‘இன்று கூட்டம் அதிகம்’ என்பார். கூட்டம் அதிகமன்று, அடுப்பு தணிந்துவிட்டது.

இனிப் பங்கீட்டு முறைகளுக்கே உரிய நோய்களைக் காண்போம். வேலை குறைந்தவரிடம் அனுப்பு என்னும் முறை மிக அறிவுடையதாகத் தோன்றும். பத்துச் சர்வர்களுள் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது எனக் கொள்வோம். வருவோரிடமெல்லாம், “ஒன்றும் இல்லை, போங்கள்” என்று உடனே சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆகையால் அவர் கையில் எப்போதும் வேலை இராது. மேற்பார்வையாளர் பார்க்கிறார், ‘ஆ, இவர் சும்மா நிற்கிறார்’ என்று எண்ணி அடுத்தவரையும் அவரிடமே அனுப்புகிறார். உழைக்கும் ஒன்பது பேர் ஒருபுறம் நிற்க, வந்தோரிற் பெரும்பாலோர் இவரால் விரட்டப்பட்டு வெளியேறுகின்றனர். தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாற்றம் ஒரே ஒரு சர்வரில் மட்டும் விடுபட்டுப்போனால், நடப்பது இதுவே. பத்தில் ஒன்றுதான் பழுது. பிழையோ பத்தில் எட்டு ஒன்பது பேருக்குத் தெரிகிறது. இந்த முரண்பாட்டைக் கண்டவுடன், தவறு அனைத்திலும் பரவியுள்ளது என்று முடிவு கட்டிவிடலாகாது. பங்கீட்டுக் கருவியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியே நேரடியாகக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். ‘கர்ல்’ என்னும் சிறு கட்டளை இதற்குப் போதும்.

இத்தகையோரைக் கண்டறிந்து விலக்கவே நலச்சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எச்.ஏ. பிராக்சியில் அச்சோதனையை இயக்கி, வேறு அளவு கூறாமல் விட்டால், 2 நொடிக்கு ஒரு முறை ஒவ்வொரு சர்வரையும் நலம் விசாரிக்கும். தொடர்ந்து 3 முறை நல்ல விடை வாராவிடில் விலக்கும். 2 முறை நல்ல விடை வந்தால் மீண்டும் சேர்த்துக்கொள்ளும். கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை, மேலே சொன்ன சித்தம் கலங்கியவரை நலமுடையவர் என்றே கொள்ளும். அவர் நின்றுகொண்டுதானே இருக்கிறார்! இதற்கு அஞ்சிச் சிலர், சோதனையை ஆழமாக்குகின்றனர். தரவுத்தளம் வரை சென்று ஒரு வரியைப் படித்து வந்தால்தான் நலம் என்று விதிக்கின்றனர். இது முன்னதினும் கேடு பயக்கக்கூடும். தரவுத்தளம் சில நொடி தயங்கினால், பத்துச் சர்வர்களும் ஒரே வேளையில் சோதனையில் தோற்கின்றன. கருவி, பத்தையும் விலக்கிவிட்டு, வருவோர் எல்லாருக்கும் வாயிலை அடைக்கிறது. மெதுவாகவேனும் உணவு கிடைத்த இடத்தில், இப்போது கதவே திறவாது. சர்வர் தன் அளவில் நலமா என்பதையே பங்கீட்டுக் கருவி கேட்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான சமையற்கட்டின் நலத்தை வேறொரு காவல் கவனிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இதில் மாறுபடுவோரும் உளர்.

முகவரி பார்த்து ஒதுக்கும் முறைக்கு நம் நாட்டில் ஒரு தனித் தொல்லை உண்டு. இணைய முகவரிகள் பற்றாக்குறையாகிவிட்டமையால், கைப்பேசி நிறுவனங்கள் பெருந்திரளான சந்தாதாரர்களை ஒரே வெளிமுகவரியின் பின் அமர்த்துகின்றன. ஒரு தெருவினர் ஒரு சர்வரிடம் என்று ஒதுக்கினோமல்லவா? அந்தத் ‘தெரு’வில் ஒரு நகரமே குடியிருக்கிறது! ஒரு சர்வர் திணறும். பக்கத்திலுள்ளது கொட்டாவி விடும். வந்தவர் கையில் ‘குக்கி’ எனப்படும் சிறு சீட்டைக் கொடுத்து, அதனைப் பார்த்து அனுப்பினால் இக்குறை நீங்கும். ஆயினும் அந்தச் சர்வர் விழுந்தால், அவரிடம் வைத்திருந்த கூடையும் போயிற்று. கூடைகளைச் சர்வரின் கையில் வையாது, பொதுவான ஓரிடத்தில் வைப்பதே மேல். அப்போது யாரிடம் சென்றாலும் ஒன்றே.

வட்டு நிறைந்துபோவது, பாதுகாப்புச் சான்றிதழின் தவணை முடிவது, ஒரு சர்வரின் கடிகாரம் பிந்துவது போன்ற எளிய காரணங்களும் பெரிய தளங்களைச் சாய்த்ததுண்டு. இவற்றுக்கு விளக்கம் வேண்டா; முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும். ‘ரீஸ்டார்ட்’ என்னும் சர்வரோக நிவாரணியைப் பற்றி மட்டும் ஒரு சொல். அனைத்தையும் ஒருசேர நிறுத்தித் தொடங்கினால், நினைவில் சேமித்து வைத்திருந்தவை யாவும் அழிந்து, ஒவ்வொரு விடைக்கும் மீண்டும் தரவுத்தளத்திற்கே ஓட வேண்டிவரும். வெளியே காத்திருந்த கூட்டமோ அதே நொடியில் உள்ளே பாயும். ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத் தொடங்குதல் நன்று. அதற்கு முன் பதிவேட்டைப் பத்திரப்படுத்துதல் அதனினும் நன்று. இல்லையேல் நோயாளி பிழைத்துக்கொள்வார். நோய் என்னவென்று தெரியாமலே போகும்.

இதுவரை கூறியவை யாவும் உள்ளிருப்போர் செய்யத்தக்கவை. வெளியில் இருப்போர் சேர்க்கும் சுமை ஒன்று உண்டு. அதுவே பல வேளைகளில் எல்லாவற்றினும் பெரிது. பக்கம் திறக்கவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? மீண்டும் அழுத்துகிறோம். மூன்று நொடியில் மறுபடியும் அழுத்துகிறோம். முதற் கோரிக்கையை நாம் மறந்துவிட்டோம், சர்வர் மறக்கவில்லை. அது பழைய கோரிக்கைக்கும் உழைத்துக்கொண்டிருக்கும். ஒருவர் நால்வராகிறார். மனிதர் அலுத்துப்போய் நிறுத்திவிடுவர். பொறிகளுக்கு அலுப்பு இல்லை. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், யு.பி.ஐ. வழிப் பணம் அனுப்புவது நாடெங்கும் பல மணி நேரம் தடைப்பட்டது. கடைகளில் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் நின்றனர். அதனை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் ஆராய்ந்து கண்ட காரணம், ‘அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா?’ என்று கேட்கும் கோரிக்கைகள் சில வங்கிகளிடமிருந்து வெள்ளமென வந்து மோதியமையே. புதிதாகப் பணம் அனுப்ப வந்தவர் நுழைய வழியில்லை; பழையதைப் பற்றி விசாரிப்போர் வாயிலை அடைத்துக்கொண்டனர். அதன் பின், முதல் விசாரணையை 90 நொடி கழித்தே செய்ய வேண்டும், இரண்டு மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கலாகாது என்று வங்கிகளுக்கு வரம்பு வகுக்கப்பட்டது. மறுமுயற்சி செய்யும் மென்பொருளை எழுதுவோர், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இருமடங்காக்குவதும், எல்லாப் பொறிகளும் ஒரே நொடியில் திரும்பி வாராதபடி அந்த இடைவெளியைச் சற்றே முன்பின் ஆக்குவதும் இதன் பொருட்டே.

கூட்டத்தை இடத்தால் பங்கிடுவது போலவே காலத்தாலும் பங்கிடலாம் என்பதை 2015-ஆம் ஆண்டு இரண்டு துறைகளில் காட்டிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ரயில்வே, தட்கல் முன்பதிவைப் பிரித்து, குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று வகுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் பிளிப்கார்ட், முந்தைய ஆண்டு ஒரே நாளில் அடைத்து வைத்த விற்பனையை 13-ஆம் நாள் முதல் 17-ஆம் நாள் வரை ஐந்து நாள்களுக்கு விரித்து, நாளுக்குச் சில வகைப் பொருள் எனப் பிரித்தளித்தது. புதிய சர்வர் ஒன்றும் வாங்காமலே செய்யத்தக்க சீர்திருத்தம் இது. பொறியியலார் இதனை முதலில் நினைப்பதில்லை. காரணம், இதற்கு வணிகத் துறையினரின் இசைவு வேண்டும்.

அவ்வாறெல்லாம் செய்தும் கூட்டம் மிஞ்சினால், சிலரைத் திருப்பி அனுப்புவதே அறிவுடைமை. ஆயிரம் பேரை உள்ளே விட்டு ஒருவருக்கும் உணவளியாமல் இருப்பதினும், அறுநூறு பேருக்கு அளித்து, நானூறு பேரிடம் ‘பிறகு வாருங்கள்’ என்பது மேலானது. தளங்கள் இதனைக் கூறும் மொழி சில எண்கள். 503 என்று கண்டால், ‘இப்போது இயலாது’ என்று பொருள். உங்கள் கோரிக்கை பெரும்பாலும் உள்ளே ஏற்கப்படவே இல்லை. சற்றுப் பொறுத்து முயலலாம். 502 என்று கண்டால், வாயிலிலுள்ள கருவி நலமாக உள்ளது. அதன் பின்னாலுள்ள சர்வர் பொருளற்ற விடை தந்தது, அல்லது தொடர்பை அறுத்துக்கொண்டது. 504 என்பதில்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். குறித்த நேரத்திற்குள் சர்வர் விடை தரவில்லை என்பதே அதன் பொருள். வேலை நடக்கவில்லை என்பது அதன் பொருளன்று. பணம் செலுத்தும் பக்கத்தில் இவ்வெண் தோன்றினால், உங்கள் பெயரில் படுக்கை பதிவாகியும் இருக்கலாம். மீண்டும் அழுத்துவதற்கு முன், முன்பதிவுப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே இரவில், ஒரே வண்டியில், ஒருவருக்கு இரண்டு படுக்கை எதற்கு? அந்த இரண்டாவது படுக்கைக்காகச் சேலத்திற்கோ ஈரோட்டிற்கோ செல்ல வேண்டிய மற்றொருவர், பட்டியலில் காத்துக்கொண்டிருப்பார்.